அணுவுக்குள் நுழைந்த நூற்றாண்டு – 17: அரைக் குவாண்டம் மிச்சம்

1900 டிசம்பரில் மாக்ஸ் பிளாங்க் ஆற்றலைத் துண்டு துண்டாக நறுக்கியதை முன்பே பார்த்தோம். நறுக்கிய பிறகு அவர் நிம்மதியாக இருக்கவில்லை. பிளாங்க் புரட்சிக்காரர் அல்ல. தான் கொண்டுவந்த குவாண்டத்தை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்திப் பிழைக்கலாம் என்று பத்தாண்டு காலம் யோசித்துக்கொண்டிருந்தவர். 1911 பிப்ரவரியில் ஜெர்மன் இயற்பியல் கழகத்தின் முன் ஒரு சமரசத் திட்டத்தோடு வந்து நின்றார். பொருளுக்குள் இருக்கும் அதிர்வி, ஒளியை உட்கொள்ளும்போது பழைய இயற்பியல் சொல்வதுபோலத் தொடர்ச்சியாகவே உட்கொள்கிறது. உமிழும்போது மட்டும்தான் முழு முழுக் குவாண்டங்களாக உமிழ்கிறது என்றார். பழைய வீட்டில் பாதியாவது இடியாமல் நிற்கட்டும் என்ற ஆசை.

திட்டம் தேறவில்லை. ஆனால் அதிலிருந்து எதிர்பாராத ஒன்று விழுந்தது. முழுக் குவாண்டமாகத்தான் உமிழ முடியும் என்றால், ஒரு குவாண்டத்துக்குக் குறைவாகச் சேர்ந்த ஆற்றல் வெளியேற வழியின்றி அதிர்விக்குள் தேங்கி நிற்கும். அது சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எதுவாகவும் இருக்கலாம், சராசரி அரை. வெப்பநிலையைத் தனிச்சுழிக்கே, அதாவது மைனஸ் 273 டிகிரிக்கே இறக்கினாலும் இந்த அரைக் குவாண்டம் போகாது. எல்லாச் சூட்டையும் உறிஞ்சி எடுத்த பிறகும் மிஞ்சுகிற இதைத்தான் சுழிநிலை ஆற்றல் என்கிறோம். பிறந்த இடம் தவறான கோட்பாடு. இந்த அத்தியாயம் முழுக்க இப்படித்தான் போகும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

பிளாங்க் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடேற்றினாலும் குளிர்வித்தாலும் மாறாத தொகை எந்த அளவீட்டிலும் தலைகாட்டாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஐன்ஸ்டைன் அப்படி விடவில்லை. பெர்லினில் வால்தர் நெர்ன்ஸ்ட்டின் ஆய்வுக்கூடத்தில் ஆர்னால்டு ஆய்க்கன் 1912-ல் ஹைட்ரஜன் வாயுவைக் குளிரவைத்து அதன் தன்வெப்பத்தை அளந்திருந்தார். அறை வெப்பநிலையில் ஹைட்ரஜன் மூலக்கூறு பறக்கிறது, கூடவே சுழலவும் செய்கிறது. கொடுக்கும் வெப்பத்தில் இரண்டுக்கும் பங்கு போகிறது. குளிரக் குளிர, சுழற்சியின் பங்கு தேய்ந்துகொண்டே போயிற்று. 60 கெல்வின் வாக்கில் அந்த வாயு, சுழற்சி என்பதே அறியாத ஒற்றை அணு வாயுவைப்போல நடந்துகொண்டது. ஐன்ஸ்டைனும் அவருடைய இளம் சகா ஓட்டோ ஸ்டெர்னும் இந்தப் புள்ளிகளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். சுழற்சிக்கு அரைக் குவாண்டம் மிச்சம் உண்டு என்று வைத்து வரைந்த கோடு ஆய்க்கனின் புள்ளிகளோடு நன்றாக ஒத்துப்போயிற்று. மிச்சம் கிடையாது என்று வைத்தால் கோடு எங்கோ போயிற்று. தனிச்சுழியிலும் மூலக்கூறுகளுக்கு அசைவு உண்டு என்று வாதிட்ட அவர்கள் கட்டுரை 1913-ல் வெளிவந்தது.

அந்தப் பொருத்தம் தற்செயல். அதே ஆண்டு பால் ஏரன்ஃபெஸ்ட், சுழற்சியையே குவாண்டம் படிகளாக வைத்து, மிச்சம் எதையும் கொண்டுவராமல் தன்வெப்பம் ஏன் குறைகிறது என்று காட்டினார். 1913 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த இரண்டாம் சால்வே மாநாட்டில் ஐன்ஸ்டைன் தன் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சில நாட்களில் ஏரன்ஃபெஸ்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் சுழிநிலை ஆற்றலுக்கு இறுதிச் சடங்கே செய்துவிட்டார். ஹைட்ரஜனின் உண்மையான கதை 1927-ல் டேவிட் டெனிசன் சொன்ன பிறகுதான் விளங்கியது: ஹைட்ரஜன் வாயு ஒன்றல்ல, இரண்டு. மூலக்கூறில் உள்ள இரு புரோட்டான்களின் தற்சுழற்சி ஒரே பக்கம் பார்ப்பது ஒரு வகை, எதிரெதிராகப் பார்ப்பது இன்னொரு வகை. குளிர்வித்தால் ஒன்று மற்றொன்றாக அவ்வளவு சுலபத்தில் மாறாது. ஆய்க்கன் அளந்தது அந்தக் கலவையை. இதில் வேடிக்கை என்னவென்றால், சுழலும் மூலக்கூறின் அடிநிலையில் சுழற்சி ஆற்றல் உண்மையிலேயே சுழியம்தான். மிச்சம் இருப்பது அதிர்வுக்கு. ஐன்ஸ்டைனும் ஸ்டெர்னும் சரியான பொருளைத் தவறான அறையில் தேடி, அங்கே கிடைத்துவிட்டதாகவும் நம்பினார்கள்.

ஐன்ஸ்டைன் கைவிட்டாலும் மற்றவர்கள் விடவில்லை. 1916-ல் நெர்ன்ஸ்ட் ஒரு படி மேலே போய், பொருள் எதுவும் இல்லாத வெளியிலும் கதிர்வீச்சின் ஒவ்வோர் அதிர்வுக்கும் இந்த மிச்சம் உண்டு, ஆகவே வெற்றிடமே ஆற்றலால் நிரம்பியிருக்கிறது என்று எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை.

சான்று வந்தது வேதியியலின் ஓரத்திலிருந்து. ஹார்வர்டில் இருந்த ராபர்ட் மல்லிகன் 1924-ல் போரான் மோனாக்சைடின் நிறமாலைப் பட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். போரானில் 10, 11 என்று இரண்டு ஐசோடோப்புகள். இரண்டும் ஆக்சிஜனோடு ஒரே வலுவில் பிணைகின்றன. எடை மட்டும் வேறு. எடை குறைந்த மூலக்கூறு வேகமாக அதிரும். அதிர்வுப் படிகளின் ஏணி சுழியத்திலிருந்து தொடங்கினால், இரண்டு மூலக்கூறுகளின் அடிப்படியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மேலே போகப் போகத்தான் விலக வேண்டும். அடிப்படியிலிருந்து அடிப்படிக்குத் தாவும் கோடு இரண்டுக்கும் ஒரே இடத்தில் விழ வேண்டும். விழவில்லை. அரைப் படி உயரத்தில் ஏணி தொடங்குகிறது என்று வைத்தால்தான் கோடுகளின் விலகல் சரியாக வந்தது. தனிச்சுழிக்கு அருகே எதையும் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை. ஒரே பிணைப்பில் இரண்டு எடைகள் போதுமானதாக இருந்தன. மிச்சத்தை நேரடியாக அவர் அளக்கவில்லை, இரண்டு மிச்சங்களின் வித்தியாசத்தை அளந்தார். இந்த வித்தியாசம் என்ற சொல்லை வாசகர் கையில் வைத்திருக்கட்டும்.

ஹீலியத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். லைடனில் 1908 ஜூலை 10 அன்று காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதை உறைய வைக்கவும் முயன்றார். எவ்வளவு குளிர்வித்தாலும் திரவமாகவே இருந்தது. அவர் மறைந்த அதே ஆண்டில், 1926-ல், அவருடைய சீடர் கீசோம் அழுத்தம் கொடுத்துத்தான் அதைத் திடமாக்க முடிந்தது. தனிச்சுழிக்கு அருகேயும் சுமார் 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். காரணத்தை பிரான்ஸ் சைமன் விளக்கினார்: ஹீலியம் அணு இலேசானது, அணுக்களுக்கு இடையே உள்ள ஈர்ப்பும் அற்பம், சுழிநிலை அசைவு ஒன்றே அவற்றை ஒழுங்காக அடுக்கி உட்கார விடாமல் தள்ளி நிறுத்தப் போதுமானதாக இருக்கிறது. வெப்பமே இல்லாத இடத்தில் ஒரு பொருள் உருகிக் கிடக்கிறது.

இனி 1925 ஜூன். தும்மலும் கண்ணீருமாக மகரந்தக் காய்ச்சலிலிருந்து தப்பி ஹெல்கோலாந்து தீவுக்குப் போன ஹைசன்பர்க் அங்கே புதிய இயக்கவியலைக் கண்டெடுத்த கதை சென்ற அத்தியாயத்தில் வந்தது. அவர் போட்ட முதல் கணக்குகளில் ஒன்று அதிர்வி. விடையில் அரைக் குவாண்டம் கேட்காமலே வந்து நின்றது. யாரும் கையால் சேர்க்கவில்லை, எந்தப் பரிசோதனைக்கும் பொருத்த வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய நிச்சயமின்மைக் கோட்பாடு காரணத்தையும் சொல்லிற்று: அடியில் அசையாமல் நிற்கும் துகளுக்கு இடமும் தெரியும், வேகமும் தெரியும். இரண்டும் ஒருசேரத் தெரிவதற்கு இயற்கை இடம் தருவதில்லை. ஆகவே அசைவு நிற்பதில்லை.

அதுவரை எல்லாம் அணுக்களின் பேச்சு. புலத்துக்குள் இந்தக் கணக்கைக் கொண்டுபோனவர் பாஸ்கல் யோர்டான். 1925 நவம்பரில் பார்ன், ஹைசன்பர்க், யோர்டான் மூவரும் சேர்ந்து அனுப்பிய நீண்ட கட்டுரையின் கடைசிப் பகுதி அவர் கைவண்ணம். இரு முனையும் கட்டிய தந்தி ஒன்றை எடுத்துக்கொண்டார். தந்தி முழுதாக ஒரு வளைவாக அதிரலாம், இரண்டு பாதிகளாக அதிரலாம், மூன்று பங்காக, நான்கு பங்காக, இப்படி முடிவே இல்லாமல். ஒவ்வோர் அதிர்வு முறையும் தனித்தனி அதிர்வி. ஒவ்வொன்றுக்கும் குவாண்டம் விதியைப் போட்டார். மின்காந்தப் புலம் என்பதும் இதேதான்; தந்திக்குப் பதில் முப்பரிமாண வெளி. ஒளித் துகள்களே இல்லாத இருட்டு, அதாவது புலத்தின் அடிநிலை, எல்லா அதிர்விகளும் அவற்றின் அடிப்படியில் இருக்கும் நிலை. அந்த அடிப்படியின் உயரம் ஒவ்வொன்றிலும் அரைக் குவாண்டம். அதிர்வி எத்தனை? எண்ணிக்கைக்கு முடிவில்லை. அதிர்வெண் ஏற ஏற ஒவ்வொரு அரையும் பெரிதாகிக்கொண்டும் போகிறது. கூட்டினால் முடிவிலி. நெர்ன்ஸ்ட் ஊகமாகச் சொன்னதைப் புதிய இயக்கவியல் கட்டாயமாகவே சொல்லத் தொடங்கியது.

இந்த முடிவிலியை எங்கே வைப்பது? ஹாம்பர்க்கில் அந்நாட்களில் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு பேர் இதைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஓட்டோ ஸ்டெர்ன், 1913-ன் தோல்விக்குப் பிறகும் சுழிநிலை ஆற்றலை விடாதவர். நியானின் 20, 22 ஐசோடோப்புகளின் ஆவி அழுத்தங்களை அவர் கணக்கிட்டு வைத்திருந்தார். மிச்சம் கிடையாது என்றால் இரண்டின் ஆவி அழுத்தமும் நிறைய வேறுபடும், அவற்றைப் பிரிக்க முயன்ற ஆஸ்டன் சிரமமில்லாமல் பிரித்திருப்பார். ஆனால் ஆஸ்டன் அதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே மிச்சம் உண்டு. மற்றவர் வோல்ஃப்காங் பவுலி. அணுக்களுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், வெற்றுப் புலத்துக்கு மட்டும் அது கூடாது என்பது அவர் கட்சி. காரணத்துக்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆற்றல் எதுவாயினும் ஈர்ப்பு உண்டு என்கிறது ஐன்ஸ்டைனின் கோட்பாடு. எலெக்ட்ரானின் மரபுவழி ஆரத்தைவிடச் சிறிய அலைகளை விட்டுவிட்டு மற்ற எல்லா அலைகளின் அரைகளையும் கூட்டி, அந்த அடர்த்தியை ஐன்ஸ்டைன் 1917-ல் தந்த மூடிய பிரபஞ்ச மாதிரியில் போட்டுப் பார்த்தார். அப்படிப்பட்ட பிரபஞ்சத்தின் ஆரம் நிலா வரைகூட எட்டாது என்று வந்தது. நிலா இருப்பது 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். பிற்காலத்தில் நார்பர்ட் ஸ்ட்ராவ்மான் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அவருக்குக் கிடைத்த ஆரம் வெறும் 31 கிலோமீட்டர்.

பவுலி இதை அச்சில் போடவில்லை. ஸ்டெர்ன் பிற்காலத்தில் சொல்லித்தான் வெளியே தெரிந்தது. முடிவை மட்டும் அச்சில் போட்டார். 1928-ல் யோர்டானோடு சேர்ந்து எழுதியபோதும், 1933-ல் குவாண்டம் இயக்கவியலுக்குப் பெரிய கையேட்டுக் கட்டுரை எழுதியபோதும், வெற்றுப் புலத்தின் சுழிநிலை ஆற்றலை ஆரம்பத்திலேயே கழித்துவிடுவதுதான் முறை, அது ஒளியை உமிழ்வதுமில்லை, ஈர்ப்பை உண்டாக்குவதுமில்லை என்று முடித்தார். வெற்றிடத்திலிருந்து மேலே எவ்வளவு என்பதைத்தான் எந்தக் கருவியும் காட்டுகிறது. ஆகவே வெற்றிடத்துக்குச் சுழியம் என்று எழுதிக்கொள்வோம். நியாயமான ஏற்பாடு. புலக் கோட்பாட்டுப் பாடநூல்கள் இன்றும் முதல் சில பக்கங்களிலேயே இந்த முடிவிலியை ஒரே வரியில் கழித்துவிட்டு மேலே போகின்றன. மாணவர்களில் பாதிப் பேர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. கவனித்த மீதிப் பேருக்கு ராத்திரி தூக்கம் வராது.

1947 ஜூன் 2 முதல் 4 வரை நியூயார்க்குக்குக் கிழக்கே ஷெல்டர் தீவில், ராம்ஸ் ஹெட் விடுதியில், அமெரிக்காவின் முன்னணி இயற்பியலாளர்கள் இருபது சொச்சம் பேர் கூடினார்கள். போர் முடிந்து, வெடிகுண்டு வேலையிலிருந்தும் ரேடார் வேலையிலிருந்தும் விடுபட்டவர்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வில்லிஸ் லாம்ப், ரெதர்ஃபோர்டு என்ற மாணவரோடு சேர்ந்து (பெயர் ஒத்தது, அணுக்கரு புகழ் ரூதர்ஃபோர்டு அல்ல) எடுத்த ஓர் அளவீட்டை அங்கே வைத்தார். எலெக்ட்ரானுக்கான டிராக்கின் சமன்பாடு ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஹைட்ரஜனின் இரண்டு படிகள் ஒரே உயரத்தில் இல்லை. சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் விலகியிருக்கின்றன. கூட்டம் முடிந்து நியூயார்க்கிலிருந்து ஸ்கெனெக்டடிக்கு ரயிலில் போகும் வழியிலேயே ஹான்ஸ் பேத்தே இதைக் கணக்கிட்டுவிட்டார். புலத்தோடு உறவாடுவதால் எலெக்ட்ரானுக்கு ஏற்படும் ஆற்றல் மாற்றம் முடிவிலி. ஆனால் சும்மா பறக்கும் எலெக்ட்ரானுக்கும் அதே முடிவிலி உண்டு. இயற்பியலாளர் கிராமர்ஸ் காட்டிய வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தார். 1,040 மெகாஹெர்ட்ஸ் வந்தது. மறு ஆண்டு தியோடர் வெல்டன் அதற்கு ஒரு படம் கொடுத்தார்: வெற்றிடப் புலத்தின் சுழிநிலை அசைவு எலெக்ட்ரானை ஓயாமல் குலுக்குகிறது, குலுங்கும் எலெக்ட்ரான் அணுக்கருவின் ஈர்ப்பைக் கொஞ்சம் மங்கலாக உணர்கிறது. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்து உருப்படியான எண் எடுக்கலாம் என்பது அந்த ரயிலில் உறுதியாயிற்று.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் நெதர்லாந்தில், ரேடியோவும் மின்விளக்கும் செய்யும் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வேறொரு சிக்கல். அய்ந்தோவன் நகரில் இருந்த அந்தக் கூடத்தில் ஃபெர்வே, ஓவர்பேக் என்ற இரு வேதியியலாளர்கள் கூழ்மங்களை ஆராய்ந்துவந்தார்கள். நுண்ணிய பொடி திரவத்தில் தொங்கி நிற்குமா, திரண்டு அடியில் படியுமா? துகள்களின் மின்னூட்டம் அவற்றை விலக்குகிறது, அணுக்களுக்கு இடையே உள்ள வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு இழுக்கிறது. அந்த ஈர்ப்புக்கு 1930-ல் ஃப்ரிட்ஸ் லண்டன் விளக்கம் தந்திருந்தார். அதுவே சுழிநிலை அசைவை வைத்துத்தான். பக்கத்தில் இருக்கும் இரண்டு அணுக்களின் எலெக்ட்ரான் அசைவுகள் ஒன்றையொன்று பாதித்து, சேர்ந்த மிச்சம் தனித்தனி மிச்சங்களின் கூட்டுத்தொகையைவிடச் சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவே ஈர்ப்பு. தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அந்த ஆற்றல் தேய்கிறது. ஆனால் கூழ்மத் துகள்களின் நடத்தையைப் பார்த்தால், தொலைவு கூடும்போது ஈர்ப்பு இதைவிட வேகமாகத் தேய்ந்தாக வேண்டும் போலிருந்தது. ஓவர்பேக்குக்கு ஒரு சந்தேகம்: ஒரு அணு அசைந்த செய்தி ஒளியின் வேகத்தில்தானே மற்றதைப் போய்ச் சேரும்? தொலைவு அதிகமானால் செய்தி தாமதமாகும், அதற்குள் முதல் அணு வேறு பக்கம் அசைந்திருக்கும்.

அந்தக் கேள்வி ஹென்ட்ரிக் கசிமிரிடம் வந்தது. 1909-ல் ஹேக் நகரில் பிறந்தவர். லைடனில் ஏரன்ஃபெஸ்ட்டின் மாணவர், கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் பழகியவர், ஜூரிச்சில் பவுலிக்கு உதவியாளராகவும் இருந்தவர். 1942-ல், ஜெர்மன் ஆக்கிரமிப்பின் நடுவே, பிலிப்ஸில் சேர்ந்திருந்தார். டிர்க் போல்டரோடு சேர்ந்து அவர் நீண்ட, வியர்க்க வைக்கும் கணக்கைப் போட்டு முடித்தபோது, பெரிய தொலைவுகளில் ஆறாம் அடுக்கு ஏழாம் அடுக்காகிறது என்று வந்தது. ஓவர்பேக்கின் சந்தேகம் சரி. ஆனால் கசிமிரை உறுத்தியது வேறு: இவ்வளவு சிக்கலான கணக்கின் முடிவு ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கிறது? எளிய விடைக்கு எளிய வழி இருக்க வேண்டும். 1947 வாக்கில் போருடன் நடந்துகொண்டே பேசியபோது இதைச் சொன்னார். போர் வழக்கம்போல முணுமுணுத்தார். சுழிநிலை ஆற்றலோடு சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதுபோல ஏதோ. அவ்வளவுதான். கசிமிருக்கு அது போதுமானதாக இருந்தது.

அணுக்களையே தூக்கிப் போட்டுவிட்டார். வெற்றிடத்தில் எதிரெதிரே இரண்டு உலோகத் தகடுகள். மின்னூட்டம் இல்லை, காந்தம் இல்லை, நடுவே காற்றும் இல்லை. தகட்டின் மேற்பரப்பில் மின்புலம் அடங்கியாக வேண்டும் என்பதால் நடுவிலுள்ள இடைவெளிக்குப் பொருந்துகிற அலைகள் மட்டுமே அங்கே இருக்க முடியும். யோர்டானின் தந்தி போலவே. வெளியே அந்தக் கட்டுப்பாடு இல்லை. உள்ளே இருக்கும் அரைகளைக் கூட்டினால் முடிவிலி, தகடுகள் விலகி நிற்கும்போது கூட்டினாலும் முடிவிலி. மிகக் குட்டையான அலைகளை எந்த உலோகமும் தடுப்பதில்லை, எக்ஸ் கதிர் தகட்டைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போகும். ஆகவே அந்தப் பகுதி இரு பக்கமும் ஒன்றுதான், கழிந்துபோகும். மீதியைக் கழித்துப் பார்த்தார். தகடுகள் நெருங்க நெருங்க மொத்த மிச்சம் குறைகிறது. அதாவது தகடுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. விசை, இடைவெளியின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். சூத்திரத்தில் இருப்பவை பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், இடைவெளி, சில எண்கள். எலெக்ட்ரானின் மின்னூட்டம்கூட இல்லை. 1948 மே 29 அன்று நெதர்லாந்து அறிவியல் கழகத்தின் முன் வைக்கப்பட்ட அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான்.

பவுலிக்குச் சொன்னபோது முதலில் சுத்த அபத்தம் என்று தள்ளினார். கசிமிர் விடவில்லை. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் வந்துகொண்டே இருந்ததில் பவுலிக்கும் சுவாரசியம் பிறந்து, கடைசியில் ஒப்புக்கொண்டு, எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும் பொம்மை என்று தன் பழைய உதவியாளரைச் செல்லமாகக் கேலி செய்தாராம். நம் ஊரில் அதைத் தஞ்சாவூர்ப் பொம்மை என்போம்.

விசை எவ்வளவு? ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில், ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டின் மேல், சுமார் 13 மைக்ரோகிராம் எடைக்குச் சமம். இடைவெளியை நூறில் ஒரு பங்காக, 10 நானோமீட்டராகக் குறைத்தால் விசை பத்துக் கோடி மடங்காகி, நம் தலைமேல் இருக்கும் காற்றின் அழுத்தத்தையே எட்டிவிடும். ஆனால் இரண்டு தகடுகளை அந்த அளவுக்கு நெருக்கி, இணையாகவும் நிறுத்துவது பேச்சுக்குத்தான் எளிது. ஒரு தூசி நடுவே வந்தால் ஆட்டம் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத மின்னூட்டம் கொஞ்சம் இருந்தாலே அது அளக்க வந்த விசையை விழுங்கிவிடும். அதே பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் மார்கஸ் ஸ்பார்னாய் 1958-ல் வெளியிட்ட அளவீட்டில் பிழை வரம்பு ஏறக்குறைய நூறு சதவீதம். கசிமிரின் கணிப்புக்கு முரணாக இல்லை என்று மட்டும் அவர் எழுதினார். அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். சோவியத் யூனியனில் லிஃப்ஷிட்ஸ் 1950-களின் நடுவில் நிஜ உலோகங்களுக்கும் கண்ணாடி போன்ற பொருள்களுக்கும் பொருந்தும்படி கோட்பாட்டை விரித்தார். திருப்தியான அளவீட்டுக்கு 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சியாட்டிலில் ஸ்டீவ் லாமரோ, ஒரு தகட்டுக்குப் பதில் வளைந்த பரப்பை வைத்தார். வளைந்த பரப்புக்கு இணையாக நிற்க வேண்டிய கவலை இல்லை. முறுக்கு ஊசலில் தொங்கவிட்டு 0.6 முதல் 6 மைக்ரோமீட்டர் வரை அளந்து, சுமார் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது என்றார். மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் ரிவர்சைடில் உமர் மொஹிதீனும் அனுஸ்ரீ ராயும், அலுமினியம் பூசிய, முடியைவிடத் தடித்த ஓர் உருண்டையை அணுவிசை நுண்ணோக்கியின் நாக்கில் ஒட்டி அதை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். கசிமிர் அப்போது உயிரோடு இருந்தார், 2000-ல்தான் காலமானார்.

ஆக, வெற்றிடத்தில் ஆற்றல் இருப்பது நிரூபணமாகிவிட்டதா? பத்திரிகைகளும் யூடியூபும் ஆமாம் என்கின்றன. இலவச மின்சாரம் விற்க வருபவர்கள் இரண்டு மடங்கு சத்தமாக ஆமாம் என்கிறார்கள். அவர்களை முதலில் அனுப்பிவிடலாம்: தகடுகள் ஒன்றுசேரும்போது கிடைக்கும் ஆற்றல் ஒரு தடவைதான், மறுபடி பிரிக்க அதே அளவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடிநிலைக்குக் கீழே படி கிடையாது என்பதால்தான் அதற்கு அடிநிலை என்று பெயர்.

கடினமான ஆட்சேபம் இயற்பியலுக்குள்ளேயே இருக்கிறது. ஜூலியன் ஷ்விங்கர் 1975-ல் வெற்றிடத்தின் மிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அதே விசையை வருவித்துக் காட்டினார். எம்.ஐ.டி.யின் ராபர்ட் ஜாஃபி 2005-ல் அதைக் கூர்மையாக்கினார்: சூத்திரத்தில் எலெக்ட்ரானின் மின்னூட்டம் காணாமல் போனது, தகடுகள் பூரணக் கடத்திகள் என்று கசிமிர் வைத்துக்கொண்டதால். நிஜ உலோகத்தில் மின்னூட்டம் ஒளியோடு பேசும் வலுவைச் சுழியமாக்கினால் விசையும் சுழியமாகும். அப்படியென்றால் இது தகடுகளில் இருக்கும் மின்னூட்டங்களுக்கு நடுவே உள்ள ஈர்ப்புதான், லண்டனும் ஓவர்பேக்கும் பேசிய அதே ஈர்ப்பின் பெரிய வடிவம். தகடு இல்லாத வெற்றிடத்தின் மொத்த மிச்சத்துக்கு அது சாட்சி சொல்லவில்லை. எனக்கு ஜாஃபியின் பக்கமே வலுவாகப் படுகிறது. மல்லிகனின் போரான், ஸ்டெர்னின் நியான், பேத்தேயின் ரயில் கணக்கு, கசிமிரின் தகடுகள் எல்லாவற்றிலும் அளவிடப்பட்டது ஒரு வித்தியாசம். மொத்தத்தை யாரும் தொட்டதில்லை.

மொத்தத்தை அறியக்கூடியது ஐன்ஸ்டைனின் கோட்பாடு பேசும் நிறையீர்ப்பு ஒன்றுதான். அங்கே பவுலி பார்த்த இக்கட்டு அப்படியே நிற்கிறது. யாகோவ் ஸெல்டோவிச் 1967-ல் வெற்றிட ஆற்றலையும் ஐன்ஸ்டைனின் பிரபஞ்ச மாறிலியையும் மறுபடி ஒரே மேசையில் கொண்டுவந்து வைத்தார். எலெக்ட்ரான் போன்ற துகள்களின் புலங்களுக்கு மிச்சம் எதிர்க்குறியோடு வரும், ஒளி போன்றவற்றின் மிச்சத்தோடு அது கழிந்துபோகலாம் என்பதை பவுலியே 1950-களின் தொடக்கத்தில் தன் வகுப்பில் கவனித்திருந்தார். ஆனால் நாம் அறிந்த துகள்களை வைத்துக் கழித்தால் தொகை கழிந்துபோகவில்லை. 1998-ல் தொலைதூர சூப்பர்நோவாக்கள், பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று காட்டின. அதற்குத் தேவைப்படும் ஆற்றல் அடர்த்தி ஒரு கன கிலோமீட்டர் வெளியில் ஒரு ஜூல்கூட இல்லை. பிளாங்க் நீளம் வரையிலான அலைகளின் அரைகளைக் கூட்டினால் வருவதோ அதைவிட, 1-க்குப் பின் சுமார் 120 சுழியங்கள் போட்ட மடங்கு அதிகம். அந்த 120 என்ற எண்ணைப் புத்தகத்துக்குப் புத்தகம் சாமி எண்ணைப்போலத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கே வெட்டுகிறோம், எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அது பாதியாகவும் குறையும். எப்படிக் குறைந்தாலும் பொருந்தும் இடத்துக்கு வராது.

சார்டினியா தீவில் சோஸ் எனாத்தோஸ் என்ற மூடிய சுரங்கம் இருக்கிறது. ஐரோப்பாவில் நிலம் அதிராத இடங்களில் அதுவும் ஒன்று. இத்தாலிய அணுக்கரு இயற்பியல் கழகத்தார் அங்கே ஆர்க்கிமிடீஸ் என்று பெயரிட்டு ஒரு தராசு அமைத்திருக்கிறார்கள். தராசின் தட்டுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பொருள், அணு அடுக்குகளே ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணற்ற கசிமிர் தகடுகள்போல அமைந்த மீக்கடத்திப் படிகம். அதன் வெப்பநிலையைச் சற்றே ஏற்றி இறக்கினால் அந்த அடுக்குகள் மீக்கடத்தியாகும், மறுபடி சாதாரணமாகும். தகடு இருக்கிறது, தகடு இல்லை; இரண்டு நிலைகளுக்கும் நடுவே வெற்றிடத்தின் மிச்சம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்துக்கு எடை உண்டா என்று பார்க்கிறார்கள். இங்கேயும் அளக்கப் போவது வித்தியாசத்தைத்தான்; ஆனால் முதல் தடவையாக, ஈர்ப்பின் கையில் கொடுத்து.